ப்ளவுஸ் 36 என்றால் பிராவும் 36 ஆகிவிடாது

கவுண்டர்க்காரி:
உள்ளாடைக் கவுண்டரில் தினமும் காதில் விழுவது: "ப்ளவுஸ் 36 போடுறேன், 36 குடுங்க." டெய்லர் எடுக்கும் 36 மார்பின் எடுப்பான இடத்தைச் சுற்றிய அளவு. பிரா டப்பாவில் இருக்கும் எண்ணோ மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி ஓடும் பட்டைக்கானது. இரண்டும் வேறு வேறு இடம். ப்ளவுஸ் எண்ணில் பிரா வாங்கினால் பட்டை முதுகில் மேலே ஏறும், முன்பக்கம் தொங்கும். அதைத் தூக்க ஸ்ட்ராப்பை இறுக்குவார்கள், தோளில் பள்ளம் விழும். கடைசியில் "இந்தக் கம்பெனி ஸ்ட்ராப் சரியில்ல" என்று பழி வேறு. பாரத்தைத் தாங்க வேண்டியது பட்டைதான். ஸ்ட்ராப் கப்பை இடத்தில் நிறுத்தினால் போதும்.

அளவெடுக்கும் முன் இன்ச் டேப்பை ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். பழைய டேப் நீண்டிருக்கும், அரை இன்ச் ஏமாற்றும். சட்டை இல்லாமல், அல்லது பேட் இல்லாத மெல்லிய பிராவோடு கண்ணாடி முன் நில்லுங்கள். முதல் அளவு மார்புக்குக் கீழே, மடிப்பு முடியும் இடத்தில். மூச்சை வெளியே விட்டு, டேப் நழுவாத அளவுக்கு இறுக்கிப் பிடியுங்கள். முதுகுப் பக்கம் டேப் மேலேயோ கீழேயோ சாய்வதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தப்பு. திரும்பி நின்று கண்ணாடியில் பாருங்கள், இல்லையென்றால் அக்காவையோ தங்கையையோ பிடிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது அளவு மார்பின் எடுப்பான இடத்தில், டேப் அமுக்காமல். இதை நின்று ஒரு முறையும், முதுகு தரைக்கு இணையாக இருக்கும்படி குனிந்து ஒரு முறையும் எடுத்துச் சராசரி பாருங்கள். பிள்ளை பெற்றவர்களுக்கும், எடை குறைந்து மார்பு தளர்ந்தவர்களுக்கும் நின்றபடி எடுத்த அளவு மட்டும் குறைவாகவே காட்டும்.

மாதவிலக்குக்கு முந்தைய வாரம் வேண்டாம். அப்போது மார்பு வீங்கியிருக்கும். விலக்கு முடிந்த அடுத்த வாரம் எடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
குழப்பம் இதற்கப்புறம்தான். கீழ் அளவு 30 இன்ச், மேல் அளவு 36 என்று வைத்துக்கொள்வோம்.

பழைய சூத்திரம் கீழ் அளவு இரட்டைப்படை என்றால் 4, ஒற்றைப்படை என்றால் 5 கூட்டச் சொல்லும். 30 + 4 = 34. மேல் அளவு 36-இலிருந்து 34 போனால் 2. இந்த வித்தியாசம்தான் கப்பின் எழுத்து: ஒரு இன்ச் A, இரண்டு B, மூன்று C, நாலு D. ஆக 34B. கூட்டாத சூத்திரப்படி பட்டை 30, வித்தியாசம் 6. பிரிட்டிஷ் வரிசையில் D-க்கு அப்புறம் DD, அதற்கப்புறம் E, ஆக 30E. ஒரே உடம்பு, இரண்டு விடை!

E என்றதும் பயப்பட ஒன்றுமில்லை. எழுத்துக்குத் தனியாக அளவு கிடையாது, பட்டையோடு சேர்ந்துதான் அர்த்தம். 30E-யில் இருக்கும் கப்பின் கொள்ளளவுதான் 32DD-யிலும், 34D-யிலும், 36C-யிலும். பட்டை ஒரு படி ஏறினால் எழுத்து ஒரு படி இறங்கும். கடையில் உங்கள் அளவு இல்லையென்றால் இந்த ஏணியில் ஒரு படி மட்டும் நகருங்கள். இரண்டு படி போனால் கப் பொருந்தும், பட்டை பொருந்தாது.

ஐரோப்பிய லேபிளில் 75 என்று இருந்தால் கீழ் அளவு 73 முதல் 77 செ.மீ. அதே பிராவில் பிரிட்டிஷ் எண் 34 என்றும், பிரெஞ்சு எண் 90 என்றும் அச்சடித்திருக்கும். 34 இன்ச் என்பது 86 செ.மீ., கவனித்தீர்களா? அந்த 34 உடம்பின் 34 இன்ச்சே இல்லை. அதனால் எந்தச் சூத்திரம் சரி என்று சண்டை போடாமல், டப்பாவின் பின்பக்க அட்டவணையில் கீழ் அளவுக்கு எத்தனை செ.மீ. போட்டிருக்கிறது என்று பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

கவுண்டர்க்காரி:
அட்டவணை கிழிந்த டப்பா என்றால் பட்டையை ஸ்கேல் மேல் வைத்து நன்றாக இழுத்துப் பார்க்கலாம். உங்கள் கீழ் அளவைவிட ஓரிரு இன்ச் கூடப் போனால் சரி. சுலபமாக அஞ்சாறு இன்ச் கூடப் போனால் ரெண்டு மாதத்தில் தொளதொள.

போட்டுப் பார்க்கும்போது முதலில் கடைசி ஹூக்கை, அதாவது லூஸான வரிசையை மாட்டுங்கள். எலாஸ்டிக் தளரத் தளர உள்ளே போக இடம் வேண்டும். புதிதில் உள் வரிசையில்தான் சரியாக இருக்கிறது என்றால் பட்டை பெரிது. மாட்டியதும் கொஞ்சம் குனிந்து, கையைக் கப்புக்குள் விட்டு, அக்குள் பக்கம் ஒதுங்கிய சதையை முன்னால் இழுத்து உட்கார வையுங்கள். இதைச் செய்யாமல்தான் பாதிப் பேர் "கப் பெரிசா இருக்கு" என்று திருப்பித் தருகிறார்கள். செய்தபின் அதே கப் பிதுங்கும்.

பிறகு கையை மேலே தூக்குங்கள். பட்டையும் கூடவே ஏறினால் லூஸ். முதுகில் பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைந்தால் போதும், உள்ளங்கை நுழையக் கூடாது. கப் மேல் விளிம்பில் சதை இரண்டாக மடிந்தால் கப் ஒரு எழுத்து கூட வேண்டும். துணி சுருங்கினால் குறைக்கலாம். மேல் பாதி மட்டும் காலியாக இருந்தால் அளவு சரி, வடிவம்தான் தப்பு, மேல்பக்கம் குறைவாக வெட்டிய மாடல் எடுங்கள். கம்பி வைத்தது என்றால் நடுத்துண்டு நெஞ்சு எலும்போடு ஒட்ட வேண்டும், பக்கவாட்டில் கம்பி சதையின் மேல் ஏறாமல் அதைச் சுற்றி உட்கார வேண்டும். ஒரு பக்கம் பெரிதாக இருப்பது ரொம்ப சாதாரணம். பெரிய பக்கத்துக்குக் கப் எடுத்து, சின்ன பக்க ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் சுருக்கினால் முடிந்தது.

ஊசிநூல்:
டெய்லர் பக்கத்திலிருந்து ஒன்று. ப்ளவுஸுக்கு அளவு கொடுக்கும்போது, அந்தப் புடவைக்குப் போடப்போகும் பிராவையே போட்டு வாங்க. தோளிலிருந்து பாயிண்ட் வரை, அதாவது மார்பின் முனை வரை, எடுக்கும் அளவை வைத்துத்தான் டாட், அதாவது கப் வடிவத்துக்கான மடிப்புத் தையல், பிடிக்கிறோம். தளர்ந்த பிராவில் அளவு கொடுத்துவிட்டு, புதுசு போட்டுக்கொண்டு வந்தால் மார்பு மேலே ஏறியிருக்கும், டாட் முனை அதற்குக் கீழே நிற்கும். பேடட் பிரா என்றால் சுற்றளவும் கூடும். "ப்ளவுஸ் பிடிக்குது" என்பதில் பாதி இதுதான்.

தாய்ப்பால் கொடுக்கப்போகிறவர்கள் அதற்கான பிராவைக் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் ஒன்றிரண்டு மட்டும் வாங்குங்கள், கம்பி இல்லாததாக, கப்பில் இடம் விட்டு. பால் சுரக்கத் தொடங்கிய பிறகு அளவு மாறும். மீதியை அப்போது வாங்கலாம். இறுக்கமானது ஒரே இடத்தில் அழுத்தினால் பால் தேங்கிக் கட்டிக்கொள்ளும். கர்ப்பத்தில் விலா விரிந்து பட்டை மட்டும் பத்தாமல் போனால் ஃபேன்ஸி ஸ்டோரில் ஹூக் எக்ஸ்டென்ஷன் கிடைக்கும். ஹூக் வரிசை எத்தனை, இடைவெளி எவ்வளவு என்று பழைய பிராவைக் காட்டி வாங்குங்கள்.

கணக்குப்பிள்ளை:
சரியான அளவு கிடைத்ததும் ஆறு ஒரே தடவையில் வாங்கிவிடாதீர்கள். ஒன்றை ஒரு வாரம் போட்டு, ரெண்டு தடவை துவைத்துப் பாருங்கள். பச்சைத்தண்ணீரில், ஹூக்கை மாட்டி, கையால். முறுக்காமல் பிழிந்து நிழலில் பட்டையைப் பிடித்துக் காயப்போடுங்கள், ஸ்ட்ராப்பில் தொங்கவிட்டால் அது நீளும். நம் ஊர் வியர்வைக்கு ஒரே பிராவைத் தினமும் போட்டால் எலாஸ்டிக் சீக்கிரம் செத்துவிடும், மூன்றை மாற்றி மாற்றிப் போடுங்கள். உள் ஹூக்கிலும் பட்டை ஏறத் தொடங்கினால் அந்தப் பிரா முடிந்தது. அதோடு டேப்பையும் திரும்ப எடுங்கள், பழைய எண்ணை மனப்பாடமாகச் சொல்லி வாங்காதீர்கள்.