வந்து வந்து போகும் ஃபால்ட்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கோவை, சிஎன்சி மெயின்டெனன்ஸ்:
மூன்று வாரம் தூக்கத்தைக் கெடுத்தது இது. சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும்) லேத்தில் இசட் ஆக்சிஸ் என்கோடர் அலாரம். ஆக்சிஸ் எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லும் சென்சார்தான் என்கோடர். ஆஃப் செய்து போட்டால் போய்விடும், அரை ஷிஃப்ட் ஓடும், திரும்ப வரும். மோட்டாரை ஓட்டும் டிரைவை மாற்றியாயிற்று, என்கோடரையும் மாற்றியாயிற்று. என்கோடர் கேபிளில் மீட்டர் வைத்தால் பீப் சுத்தமாக அடித்தது, வயர் அறுபடவில்லை என்று அர்த்தம். ஒரு நைட் ஷிஃப்டில் மெயினை அணைத்து, இரண்டு முனையையும் கழற்றி, ஹெல்பரை மீட்டர் பிடிக்கச் சொல்லிவிட்டு, டிராக் செயினில் (ஆக்சிஸோடு நகரும் கேபிள் சங்கிலி) கேபிளைக் கணுக்கணுவாக வளைத்துக்கொண்டே போனேன். ஆறாவது கணுவில் பீப் விட்டு விட்டுக் கேட்டது. மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. கிழித்தால், செம்பு இழை முழுக்க முறிந்து முனையோடு முனை தொட்டு நின்றது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ராஜபாளையம், ஸ்பின்னிங் மில்:
எங்களுக்கு மழை நாளில் மட்டும் வரும். லீவு முடிந்து காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்தால் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர், கிரவுண்ட் ஃபால்ட் (கரன்ட் பாடிக்குக் கசிகிறது) காட்டி நிற்கும். நாலு தடவை ரீசெட் அடித்தால் ஓடிவிடும். பத்து மணிக்கு நான் மெக்கரோடு (இன்சுலேஷன் பார்க்கும் மீட்டர்) போனால் நல்ல ரீடிங். "நீ வர்றதுக்குள்ள காஞ்சிடுதுப்பா" என்றார் ஃபிட்டர் அண்ணன். அடுத்த மழைக்கு ஆறு மணிக்கே போய் மோட்டார் டெர்மினல் பாக்ஸைத் திறந்தேன். கேபிள் நுழையும் கிளாண்ட் வழியாகப் புகுந்த பஞ்சு, நனைந்த விளக்குத்திரி மாதிரி டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவில் அடைத்துக் கிடந்தது.

ஓசூர், பேனல் வயரிங்:
கோவைக்காரர் கோபிக்க வேண்டாம், என்கோடரில் கை வைக்கும் முன் எர்த்தைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கும் அதே அலாரம்தான். எர்த் வயர் முனையில் இருக்கும் லக்குக்கு அடியில் பெயின்ட். சுரண்டி இறுக்கினேன், தீர்ந்தது. மீட்டர் பீப்பை நம்பவே நம்பாதீர்கள். அது அனுப்புவது மில்லி ஆம்பியர் கணக்கில்தான், ஒற்றை இழை பிடித்திருந்தாலும் அடிக்கும். மெஷின் லோடில் ஓடும்போது எர்த் பாருக்கும் பாடிக்கும் நடுவே எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பாருங்கள். மோட்டார் கேபிளுக்குள் வயர்களைச் சுற்றியிருக்கும் உலோக வலையை (ஷீல்டு) முறுக்கி வால் மாதிரி இழுத்துக் கட்டாமல், சுற்றிலும் பிடிக்கிற கிளாம்ப் போடுங்கள். என்கோடர் கேபிளை மோட்டார் கேபிளோடு ஒட்டி ஓட்டாதீர்கள், அதன் மின் இரைச்சல் சிக்னலைக் கெடுக்கும். அப்புறம் மில்காரருக்கு ஒன்று: மெக்கர் போடும் முன் மோட்டாருக்குப் போகும் யு, வி, டபிள்யூ வயர் மூன்றையும் இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். மெக்கரின் 500 வோல்ட் உள்ளே ஏறினால் ஐஜிபிடி (இன்வெர்ட்டரின் பவர் டிரான்சிஸ்டர்) போய்விடும்.

கோவை, சிஎன்சி மெயின்டெனன்ஸ்:
எர்த்தை முதல் நாளே பார்த்தேன் சார். லக்கைக் கழற்றி, எமரி போட்டு இறுக்கிய பிறகும் அலாரம் வந்தது. ஆனால் அந்தச் செயினில் மோட்டார் கேபிளும் என்கோடர் கேபிளும் ஒட்டித்தான் போகின்றன. ஞாயிற்றுக்கிழமை மெஷின் நிற்கும்போது நடுவில் தடுப்பு போட்டுவிடுகிறேன்.