மலரில் இரண்டு பக்கம் காலி

குழு: திரேசம்மா குடும்பம், குருநகர்

கெவின்: அச்சகத்தில் இருந்து கோல் வந்தது. அம்மம்மாவின் நினைவு மலரில் இரண்டு பக்கம் காலியாம். நாளை மதியத்துக்குள் கொடுத்தால்தான் சனிக்கிழமை 31ஆம் நாள் நினைவுக்குக் கையில் கிடைக்கும்.

சுகந்தி: அம்மாவின் வேறு படம் யாரிடமாவது இருக்கா? அடையாள அட்டைப் படம் வேண்டாம்.

றொபேட் (ரொறொன்ரோ): ஊரைப் பற்றி எழுதுங்கோ. இங்கே என் பிள்ளைகளுக்குக் குருநகர் என்றால் கூகிளில் ஒரு புள்ளி. யேசு மாமா எழுதட்டும்.

றெஜினா: அவரிடமா கேட்டாய். சரி, முடிஞ்சுது.

யேசுதாசன்: அன்பான பிள்ளைகளே, வரைவு 1. “யாழ்ப்பாண நகரின் கரையோரத்தில், கடல்நீரேரியைப் பார்த்தபடி இருப்பது எமது குருநகர். முன்னோர் காலத்துப் பெயர் கரையூர். 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். 1658 இல் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்திவிட்டு, பின்னர் கோட்டையை ஐந்து மூலைக் கோட்டையாகக் கட்டினர். மேற்கே அந்தக் கோட்டையும் பண்ணைப் பாலமும், கிழக்கே பாசையூரும் கொழும்புத்துறையும்...” தொடரும்.

றெஜினா: அண்ணை, அக்கா ஒல்லாந்தர் காலத்திலா பிறந்தவ?

யேசுதாசன்: பின்னணி இல்லாமல் எப்படி எழுதுவது, றெஜி?

அன்ரன்: பாசையூர் பெயரைப் போட்டதுக்கு நன்றி மாமா. அப்படியே எங்கள் பந்தடிக் கழகம் சென். அன்ரனிஸ் பற்றியும் ஒரு வரி.

கெவின்: அப்பா, குருநகர்ப் பாடும்மீன் கழகம் வராமல் அது வராது.

அன்ரன்: பாசையூர்ச் சோறு தின்று வளர்ந்த பிள்ளை பேசுகிற பேச்சைப் பாருங்கோ.

சுகந்தி: பந்தடியைப் பிறகு பாருங்கோ. சாப்பாடு மண்டபத்திலா வீட்டிலா? வீடென்றால் தண்ணீர்ப் பவுசருக்குச் சொல்ல வேண்டும். தொடர்மாடியில் மூன்றாம் மாடி வரை எந்தக் கிழவி படியேறுவா?

றொபேட் (ரொறொன்ரோ): மண்டபம் எடுங்கோ. காசு நான் அனுப்புகிறேன்.

சுகந்தி: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

றெஜினா: நான் வாசித்துவிட்டேன்.

றொபேட் (ரொறொன்ரோ): நானும்தான். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கு லீவு தரவில்லை என்று எத்தனை தரம் சொல்வது?

யேசுதாசன்: வரைவு 2. “எமது புனித யாகப்பர் ஆலயத் திருவிழா யூலை 25. 1993 நவம்பர் 13 இல் விமானத்தில் இருந்து போட்ட குண்டு ஆலயத்தில் விழுந்தது. அதற்கு முன், 1986 யூன் 10 இல், மண்டைதீவுக் கடலில் எமது தொழிலாளர் முப்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். 1995 ஒக்ரோபர் 30 இல் முழு யாழ்ப்பாணமும் இடம்பெயர்ந்தபோது...”

டிலானி: மாமா, 1986 வேண்டாம். அம்மா வாசிப்பா.

யேசுதாசன்: அது ஊரின் வரலாறு, பிள்ளை.

டிலானி: ஓம் மாமா. எங்கள் வீட்டிலும் அதுதான்.

றெஜினா: அண்ணை, அவளின் அம்மாவைக் கேளாமல் அந்த வரியைப் போடாதேங்கோ.

அன்ரன்: நான் ஒன்று சொல்லவா? சனிக்கிழமை கூழ் காய்ச்சுவோம். மாமிக்கு விருப்பம்.

சுகந்தி: நூற்றைம்பது பேருக்குக் கூழா?

அன்ரன்: ஒடியல் மா என் அக்காவிடம் இருக்கு. நண்டும் இறாலும் விடிய நாலரைக்குப் பாசையூர்ச் சந்தைக்குப் போனால் எடுக்கலாம். இழுவைப் படகுக்காரர் வலையை அறுத்துக்கொண்டு போகாமல் இருந்தால்.

றெஜினா: ஒடியல் மாவை ஊறவைத்துக் கைப்புத் தண்ணியை வடிக்காமல் காய்ச்சினால் வாயில் வைக்கேலாது. போன முறை உன் அக்கா காய்ச்சியதை மறக்கவில்லை. பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் அவிந்த பிறகுதான் மா கரைத்து விட வேண்டும். செத்தல் மிளகாயைக் கல்லில் அரைக்க வேண்டும், மிக்சியில் இல்லை.

றொபேட் (ரொறொன்ரோ): பிளாவில் குடித்தது ஞாபகம் வருகுது. இங்கே பேப்பர்க் கப்.

றெஜினா: அண்ணை, இரண்டு வரைவும் பார்த்தேன். கோட்டை இருக்கு, ஒல்லாந்தர் இருக்கு, அக்காவைக் காணவில்லை. அவ சீநோரில் வேலை செய்ததை எழுதுங்கோ. கல்யாணத்துக்கு முன் எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் எடுத்த ஒரே ஆள் அவதான். ஐயா கடலுக்குப் போகாத மாரியில் அடுப்பு எரிந்தது அந்தக் காசில். உங்களுடைய ஆசிரியர் கலாசாலைப் பெட்டியும்தான்.

கெவின்: சீநோர் என்றால்?

யேசுதாசன்: நல்ல கேள்வி. 1956 இல் நோர்வே போய்ச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம், 1967 இல் நோர்வேக்காரரின் உதவியோடு தொடங்கிய மீன்பிடி நிறுவனம். காரைநகரில் படகு கட்டினார்கள், குருநகரில் வலை. இன்று நோர்வேயில் இத்தனை தமிழர் இருக்கிறார்கள் என்றால் அதன் முதல் அடி...

றெஜினா: அண்ணை. அக்கா.

யேசுதாசன்: வருகிறேன், வருகிறேன்.

றொபேட் (ரொறொன்ரோ): அம்மா அங்கே வேலை செய்தது எனக்குத் தெரியாது.

சுகந்தி: மெசினில் இருந்து வரும் வலையில் அறுந்த கண்களைக் கையால் முடிகிற வேலை. நைலோன் நூல் இழுத்த தழும்பு வலது சுட்டுவிரலில் குறுக்கே இருந்தது. செபமாலை உருட்டும்போது மணி அந்த இடத்தில் ஒரு தடவை தடக்கும். நான் பக்கத்தில் படுத்திருந்து பார்ப்பேன்.

றொபேட் (ரொறொன்ரோ): நீ பக்கத்தில் இருந்தாய்.

சுகந்தி: ஓம்.

கெவின்: அம்மா சொன்னதை அப்படியே போடவா?

யேசுதாசன்: மொழிநடையைக் கொஞ்சம் திருத்தித் தருகிறேன்.

றெஜினா: தொடாதேங்கோ.

டிலானி: அம்மாவிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. போனைத் திருப்பித் தந்துவிட்டு அரிசி கிளையப் போய்விட்டா.

யேசுதாசன்: அப்ப போடலாமா, வேண்டாமா?

டிலானி: தெரியவில்லை மாமா. விடியக் கேட்கிறேன்.

யேசுதாசன்: வரைவு 3. “பண்ணைக் கடற்கரையில் இன்று மாலை நேரம் நடப்பவர்களையும் காற்று வாங்க வருபவர்களையும் காணலாம். எமது காலத்தில் அந்தப் பக்கம்...”

கெவின்: தாத்தா, இரண்டு பக்கத்துக்கு நானூறு சொல்தான் பிடிக்கும். நீங்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

யேசுதாசன்: எழுத்தைச் சின்னதாக்கச் சொல்லு.

றெஜினா: மலரோடு ஆளுக்கொரு கண்ணாடியும் கொடுப்போம்.

சுகந்தி: மண்டபத்துக்கு யார் போய்க் கேட்கிறது? அன்று பின்னேரம் வேறு யாருக்கோ கலியாண வீடு என்று கேள்விப்பட்டேன்.

றொபேட் (ரொறொன்ரோ): காசு அனுப்பிவிட்டேன். எதுக்கென்றாலும் எடு.

சுகந்தி: மண்டபக் கணக்கிலா, வீட்டுக் கணக்கிலா அண்ணா?

அன்ரன்: நண்டுக்குச் சொல்லிவிட்டேன், பத்துக் கிலோ. எங்கே இறக்குவது என்று மட்டும் ஒருவராவது சொல்லுங்கோ.