கட்டுநாயக்கா – ரொறன்ரோ: 14,000 கி.மீ. பன்னிரண்டரை மணித்தியாலத்திலயா?

உப்புவெளி:
அம்மா யூலையில ரொறன்ரோ போறா, டுபாய் வழி. கட்டுநாயக்காவில இரவு 9.00க்கு வெளிக்கிட்டு மறுநாள் காலை 9.30க்கு இறங்கும் எண்டு ரிக்கற்றில கிடக்கு. இணையத்தில தேடினால் 14,000 கி.மீ., 16 மணித்தியாலம் எண்டு வருது. எது சரி? திருமலையில இருந்து எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும்?

கன்னியா:
ரெண்டும் இல்லை, 22 மணித்தியாலம். ரிக்கற்றில போடுறது அந்தந்த ஊர் மணி. யூலையில ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால நிக்கும். அங்க காலை 9.30 எண்டால் இங்க இரவு 7.00. (நவம்பர் முதல் ஞாயிறு தொடக்கம் மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை வித்தியாசம் பத்தரை.)

அந்த 16, விமானம் மணித்தியாலத்துக்கு 900 கி.மீ. போகும் எண்டு வைச்சு, தூரத்தை 900ஆல பிரிச்ச கணக்கு. நேர விமானமே இல்லாத வழிக்கு அதால பிரயோசனம் இல்லை. ஒவ்வொரு பறப்பையும் தனியப் பாருங்கோ: தூரத்தை 850ஆல பிரிச்சு, ஓடுபாதைக்கும் ஏறி இறங்கவும் அரை மணித்தியாலம் கூட்டுங்கோ. டுபாய் மட்டும் 3,290 கி.மீ., நாலரை மணித்தியாலத்துக்குக் கிட்ட. அங்கால 11,080 கி.மீ., பதின்மூன்றரை, மேற்க போகேக்க எதிர்காத்து இருக்கிறதால 14 எண்டு வையுங்கோ. மிச்சம் மூன்றரை டுபாயில காத்திருக்கிறது. திரும்பி வரேக்க அதே காத்து பின்னால தள்ளும், ரொறன்ரோ–டுபாய் பதின்மூண்டுக்குள்ள முடியும்.

உப்புவெளி:
நன்றி. வரைபடத்தில கோடு ஏன் ஐஸ்லாந்துப் பக்கம் வளைஞ்சு போகுது? சுத்துப் பாதையோ?

கன்னியா:
அதுதான் குறுக்குவழி. பூமி உருண்டை, தட்டையாக் கீறினபடியால வளைஞ்சு தெரியுது. கோளத்தில டுபாயையும் ரொறன்ரோவையும் ஒரு நூலால இழுத்துப் பிடிச்சால் அது வடக்கு 62 பாகை மட்டும் ஏறி, ஐஸ்லாந்தின் தென்கரைக்குக் கீழால போகும். காத்தையும் மூடின வான்பரப்பையும் பாத்து விமானி அண்டண்டைக்கு விலத்துவார். டுபாயில நிண்டு போறதால கூடுறதும் ஒரு 370 கி.மீ.தான்.

கந்தளாய்க்காரன்:
ரோட்டுக் கதைக்கு வருவம். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல், பிறகு நாரம்மலப் பக்கத்தால இறங்கினால் ஐந்தரை, ஆறு மணித்தியாலம். மூண்டு மணித்தியாலம் முந்தி, அதாவது பின்னேரம் 6 மணிக்கு விமான நிலையத்தில நிக்கவேணும். காலை 10க்கு எடுத்தால் சாப்பாட்டுக்கும் ரயர் காத்துப் போனாலும் இடம் இருக்கு. வான் திரும்பி வாறது இரவில. ஹபரணை–கந்தளாய்த் துண்டில யானை றோட்டில நிக்கும், சாரதியை மெதுவா வரச்சொல்லுங்கோ.

முக்கியமா, ரெண்டு பறப்பும் ஒரே பதிவு இலக்கத்திலயோ எண்டு பாருங்கோ. தனித்தனி ரிக்கற் எண்டால் முதல் விமானம் பிந்தினால் அடுத்த கம்பனி பொறுப்பெடுக்காது, பெட்டியும் டுபாயோட நிண்டிடலாம். கவுண்டரில பெட்டிக்கு ஒட்டுற துண்டில கடைசி இடமா வை-வை-இஸட் (YYZ, ரொறன்ரோ விமான நிலையக் குறியீடு) எண்டு இருக்கோ எண்டு கண்ணால பாத்திட்டு விடுங்கோ. அம்மாவுக்கு நடக்கக் கஷ்டம் எண்டால் வீல்செயாரை 48 மணித்தியாலத்துக்கு முந்தியே கம்பனிக்கு அறிவியுங்கோ. மருந்து, டொக்டர் எழுதின துண்டோட சேத்து, கைப்பையில.