ஹைலேயை மிஞ்சிவிட்டாரா கெனெனிசா?

தடகளப்பித்தன்:
எத்தியோப்பியாவின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர் ஹைலே கெப்ரசெலாசிதான் என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த இடம் கெனெனிசா பெகெலேவுக்கு உரியது. ஒலிம்பிக் தங்கம் ஹைலேவுக்கு 2, கெனெனிசாவுக்கு 3. சேறும் மேடுமாகக் கிடக்கும் கிராஸ் கன்ட்ரியில் கெனெனிசா வென்ற சீனியர் உலகப் பட்டங்கள் 11. ஹைலே ஒன்றுகூட வென்றதில்லை. 2004இல் ஹைலேயின் 5,000, 10,000 மீட்டர் உலக சாதனைகள் இரண்டையும் எட்டே நாள் இடைவெளியில் பறித்தவரும் இவரே.

மாரத்தான் மணி:
பதக்கத்தை எண்ணி முடிக்கிற விஷயமா இது, நண்பரே? அசெல்லாவுக்கு அருகே பள்ளிக்கு நாள்தோறும் 10 கிலோமீட்டர் ஓடிய சிறுவன் ஹைலே. புத்தகங்களை இடுக்கிக்கொண்டு ஓடிய பழக்கத்தில், உலக அரங்கிலும் அவருடைய இடது கை சற்று மடங்கியே இருந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக் 10,000 மீட்டரில் கென்யாவின் பால் டெர்காட்டை அவர் முந்தியது 0.09 விநாடியில். அதே சிட்னியில் ஆண்கள் 100 மீட்டரில் முதல் இருவருக்கு இடையே இதைவிட அதிக இடைவெளி இருந்தது! பிறகு மாரத்தானுக்கு மாறி, 2008இல் பெர்லினில் 2:03:59. அதுவரை 2 மணி 4 நிமிடத்துக்குள் யாரும் ஓடியதில்லை. 2017இல் அதே பெர்லினில் கெனெனிசா பாதியில் விலகினார்.

தடகளப்பித்தன்:
2017ஐச் சொன்னவர் 2019ஐ விட்டுவிட்டீர்களே. அதே பெர்லினில் கெனெனிசா 2:01:41. அப்போதைய உலக சாதனைக்கு 2 விநாடிதான் பாக்கி. 2005ஐயும் நினைத்துப் பாருங்கள். ஜனவரியில், கெனெனிசாவும் அவர் மணக்கவிருந்த அலெம் தெச்சாலேயும் சேர்ந்து பயிற்சி ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது, அலெம் சுருண்டு விழுந்து இறந்துபோனார். அவரும் ஓட்டக்காரர்தான், வயது 18. அடுத்து வந்த உள்ளரங்கப் பந்தயங்களில் கெனெனிசா தோற்றார். மார்ச்சில் பிரான்சில் நடந்த உலக கிராஸ் கன்ட்ரியில், அடுத்தடுத்த நாள்களில் குறுந்தூரம், நெடுந்தூரம் இரண்டையும் வென்றார். அந்த மனத்திடத்தை எந்தக் கடிகாரத்தை வைத்து அளப்பீர்கள்?

நெடுவழி:
நீங்கள் இருவரும் 2004 ஏதென்ஸைத் தொடவே இல்லை. குதிகால் தசைநாண் காயத்தோடு 10,000 மீட்டரில் இறங்கிய ஹைலே பின்தங்கியபோது, முன்னால் ஓடிய கெனெனிசாவும் இன்னொரு எத்தியோப்பியரான சிலேஷி சிஹினேவும் திரும்பித் திரும்பிப் பார்த்து, வேகத்தைக் குறைத்து அவருக்காகக் காத்திருந்தார்கள். ஒலிம்பிக் இறுதிப் போட்டியில்! ஹைலே யார் என்று கெனெனிசாவே அன்று காட்டிவிட்டார்.

மாரத்தான் மணி:
இதைத்தான் சொல்ல வந்தேன். ஹைலே போட்ட தடத்தில்தான் தன் ஊரான பெகோஜியிலிருந்து கெனெனிசா ஓடி வந்தார்.

தடகளப்பித்தன்:
மரியாதையில் எனக்கும் குறைவில்லை, ஐயா. ஆனால் அதே பந்தயம் எப்படி முடிந்தது? ஹைலேயால் மீண்டும் ஈடுகொடுக்க முடியவில்லை. கெனெனிசாவுக்குத் தங்கம், சிஹினேவுக்கு வெள்ளி, ஹைலே 5ஆவது. காயம்தான் காரணம் என்பீர்கள். முந்தைய ஆண்டு பாரிஸ் உலக சாம்பியன்ஷிப்பிலும் கெனெனிசாதான் முதல், ஹைலே இரண்டாவது.