செம்பனை எண்ணெய் விலைத் தரவை எப்படி வெட்டுவது? உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். நான் அந்த எண்ணெயின் முன்பேர விலையை (பின்னால் கைமாறப்போகும் சரக்குக்கு இப்போதே பேசும் விலை) மெஷின் லேர்னிங்கில் கணிக்கப் பழகுகிறேன்.

இதுவரை 5 நிமிடத்துக்கு ஒரு பார், அதாவது அந்த நேரத்தில் நடந்த வியாபாரத்தின் விலைச் சுருக்கம், என்று தரவை வெட்டி வந்தேன். சந்தை தூங்கும் நேரத்தில் வெறும் பார்களாக வரிசை கட்டுகின்றன. ஆனால் மாதம் 10ஆம் தேதி வாக்கில் மலேசியாவின் செம்பனை எண்ணெய்க் கையிருப்பு அறிக்கை வரும் நாளில், மதிய இடைவேளை முடிந்து 2.30க்குச் சந்தை மீண்டும் திறந்ததும் நடக்கும் ஆட்டம் முழுக்க ஒன்றிரண்டு பாருக்குள் அமுங்கிப் போகிறது. மாடல் கற்க வேண்டியதே அதைத்தானே!

அதனால் இத்தனை ஒப்பந்தம் கைமாறினால் ஒரு பார் என்று மாற்றப் போகிறேன். ஒப்பந்தம் ஒன்றுக்கு 25 டன், கணக்கு எளிது. சரி, அந்த எண்ணிக்கையை நிலையாக வைப்பதா, கடந்த 20 நாள் சராசரியை ஒட்டி மாற்றுவதா? அப்புறம், பாதி நிறைந்த பாரை மதிய இடைவேளையில் மூடிவிடலாமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.