டிஸ்டன்ஸ் மேட்ரிக்ஸை டேபிளா மாத்தப் போய் மெமரி தீர்ந்த அனுபவம் யாருக்காச்சும் இருக்கா?

கணு30:
ரெண்டு வாரம் ஆச்சு, இன்னும் மனசு ஆறல. 30,000 நோடு (நெட்வொர்க்ல உள்ள புள்ளிங்க), ஐகிராஃப்ங்கிற நெட்வொர்க் பேக்கேஜ்ல டிஸ்டன்ஸ் மேட்ரிக்ஸ், அதாவது ஒவ்வொரு ஜோடிக்கும் எவ்ளோ தூரம்ங்கிற கட்டம், வந்துருச்சு, 90 கோடி கட்டம், கட்டத்துக்கு 8 பைட்னா 7.2 ஜிபி. மெஷின்ல 32 ஜிபி இருக்கேன்னு தைரியமா மெல்ட் (மேட்ரிக்ஸ ஜோடிக்கு ஒரு வரியா நீள டேபிளா மாத்துற ஃபங்ஷன்) போட்டேன். எங்கிருந்து, எதுக்கு, எவ்ளோ தூரம்னு வரிக்கு மூணு காலம் (column), மூணுக்கும் தலா 8 பைட்னா அதுவே 21.6 ஜிபி, பழைய மேட்ரிக்ஸும் பக்கத்துலயே உக்காந்திருக்கு, நடுவுல ஒரு காப்பி எடுத்தா முடிஞ்சுது கதை. மௌஸ் விட்டு விட்டு நகர்ந்துச்சு, அப்புறம் நின்னுருச்சு, மூலையில கடிகாரம் 11:42-லயே நின்னுச்சு. மேட்ரிக்ஸ சேவ் கூட பண்ணல. அந்த 11:42 இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

மேல்முக்கோணம்:
முழு மேட்ரிக்ஸ் எதுக்குங்க? அ-விலிருந்து ஆ எவ்ளோ தூரமோ ஆ-விலிருந்து அ-வும் அவ்ளோதான். அப்பர் ட்ரையாங்கிள், அதாவது மூலைவிட்டத்துக்கு மேல உள்ள பாதி மட்டும் எடுத்தா கிட்டத்தட்ட 45 கோடி வரி, பாதி மிச்சம். நான் அப்படித்தான் தப்பிச்சேன்.

வழிப்போக்கன்:
மேல சொன்னவருக்கு, அம்புக்குறி உள்ள நெட்வொர்க்னா போற தூரமும் வர்ற தூரமும் ஒண்ணா இருக்காது, பாதிய வெட்டினா தகவலே போயிரும். அதோட ஆர் (R) மொழியில அந்தப் பாதிய எடுக்க அப்பர்.ட்ரை போட்டா அதே சைஸ்ல உண்மை-பொய் மேட்ரிக்ஸ் ஒண்ணு தனியா உருவாகும், கட்டத்துக்கு 4 பைட், கணு30 கணக்குக்கு இன்னொரு 3.6 ஜிபி. எனக்கு அந்த வரியிலதான் செஷன் செத்துச்சு, மெல்ட் வரைக்கும் போகவே இல்ல.

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். முழு மேட்ரிக்ஸ உருவாக்கவே உருவாக்காதீங்க. ஐகிராஃபோட டிஸ்டன்சஸ் ஃபங்ஷன்ல, எந்த நோடுல இருந்துன்னு கேக்குற வி-ங்கிற இடத்துல 500 நோடு மட்டும் குடுங்க, 500-க்கு 30,000னா 120 எம்பிதான். அதுல வழியே இல்லாத ஜோடிக்கு வர்ற இன்ஃபினிட்டிய தூக்கிடுங்க, உங்களுக்கு 3 ஹாப்புக்குள்ள (3 இணைப்பு தாண்டுற தூரம்) இருந்தா போதும்னா மத்ததையும் அங்கயே தூக்கிடுங்க, மிச்சத்த எஃப்ரைட்ல (ஃபைல்ல எழுதுற ஃபங்ஷன்) பழசுக்குக் கீழ சேர்க்குற அப்பெண்ட் போட்டு டிஸ்க்ல எழுதிட்டு அடுத்த 500. பேர எழுதாம நோடு நம்பர இன்டீஜரா எழுதுங்க, பேர் லிஸ்ட் தனி டேபிள்ல கிடக்கட்டும், கடைசியில ஜாயின் பண்ணிக்கலாம். ரேம் அதிகமா வாங்கினா சரியாயிரும்னு நினைக்காதீங்க, 46,340 நோடு தாண்டினா முழு டேபிளோட வரி எண்ணிக்கையே 2,147,483,647-ங்கிற எல்லைய தாண்டிரும், ஆரோட டேபிளான டேட்டா ஃப்ரேம்ல அடங்காது.

தொடர்பிலி:
நான் பைத்தான்காரன், எனக்கு மெஷின் நிக்கவே இல்ல, அதான் இன்னும் பயமா இருக்கு. சைபைங்கிற (SciPy) பேக்கேஜ்ல வந்த ஃப்ளோட் மேட்ரிக்ஸ இடம் மிச்சம் பிடிக்க யுஇன்ட்8-ஆ (0-லிருந்து 255 வரைக்கும் மட்டும் பிடிக்கிற ஒரு பைட் முழு எண்) மாத்தினேன், எட்டுல ஒரு பங்கா சுருங்கிச்சு, சந்தோஷமா ஸ்டாக் (மெல்ட் மாதிரியே டேபிளா மாத்துறது) போட்டேன். டேபிள தூரப்படி அடுக்கிப் பாத்தா, ஒண்ணுக்கொண்ணு வழியே இல்லாத ஜோடிங்க எல்லாம் தூரம் 0-ன்னு முதல் வரியில நிக்குது. இன்ஃபினிட்டி 0 ஆயிருச்சு. அந்த டேபிள வெச்சு ஒரு படம் வேற போட்டு அனுப்பியிருந்தேன். மாத்துறதுக்கு முன்னாடி இன்ஃபினிட்டிக்கு 255 போட்டுருங்க, நிஜ தூரம் 254 தாண்டலன்னு பாத்துட்டு.

கணு30:
வழிப்போக்கன் சொன்ன மாதிரி 500 500-ஆ விட்டிருக்கேன், மொத்தம் 60 துண்டு, இப்போ 23 ஓடுது. அம்புக்குறி இல்லாத நெட்வொர்க்தான், அதனால எழுதும்போதே சின்ன நம்பர் முதல்ல வர்ற ஜோடிய மட்டும் வெச்சுக்குறேன். தொடர்பிலி, உங்க பதிவு படிச்சுட்டு முதல் துண்டத் திறந்து தூரம் 0 உள்ள வரிய எல்லாம் தேடினேன். ஒண்ணுகூட இல்ல.