நுவரெலியாவில் மட்டும் ஒழுகும் கூரை: என்ன செய்யலாம்?

உப்புவெளிப் பட்டா:
பழைய டிமோ பட்டா (சின்ன லொறி) ஒன்றின் பின்பெட்டியில் நானும் மச்சானுமாகப் படுக்கை வண்டி ஒன்று செய்தோம். பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) சட்டம், மேலே சின்க் தகரம், உள்ளே 4 மில்லிமீற்றர் பிளைவூட். இடையில் ஒன்றும் வைக்கவில்லை, காசு அதோடு முடிந்துவிட்டது. திருகோணமலைக் கரையோரம் நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று எத்தனையோ இரவு படுத்தாயிற்று, ஒரு சொட்டு இல்லை. நுவரெலியா போனால் மட்டும் விடியற்காலையில் முகத்தில் சொட்டுகிறது, மெத்தையும் ஈரம். வந்து மூட்டெல்லாம் சிலிக்கன் அடித்துவிட்டுத் திரும்பப் போனோம். அதே கதை. இனி எங்கே அடிப்பது?

கிண்ணியா லொறிக்காரன்:
ஸ்குரூ ஓட்டைதான், சந்தேகமே இல்லை. தகரத்தைக் கழற்றி எல்லாவற்றுக்கும் ரப்பர் வாசர் போடுங்கள்.

பழைய வெல்டர்:
கழற்ற முதல் ஒன்று சொல்லுங்கள் தம்பி. அங்கே இரவில் மழை பெய்ததா? எந்த இடத்தில் சொட்டுகிறது? சமையல் உள்ளேயா?

உப்புவெளிப் பட்டா:
மழை இல்லை அண்ணை, நல்ல நிலவு. பிளைவூட்டைப் பூட்டிய ஸ்குரூ தலைகளில்தான் துளி, பார் போகிற கோட்டிலேயே வரிசையாக நிற்கிறது. குளிருக்கு யன்னலெல்லாம் பூட்டி, உள்ளேயே காஸ் அடுப்பில் சோறும் தேத்தண்ணீரும்.

பழைய வெல்டர்:
மழையே இல்லாமல் எப்படி ஒழுகும்? அது உங்கள் மூச்சு. ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் நீராவி வரும். இரண்டு பேரின் மூச்சும் வியர்வையும் வேறு. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது, இரவில் தகரம் ஐஸ் மாதிரிக் குளிர்ந்துவிடும். ஆவி அதில் பட்டுத் தண்ணீராகிறது. குளிரைக் கீழே கொண்டுவருவது பாரும் ஸ்குரூவும், அதனால்தான் வரிசை. திருகோணமலை இரவில் தகரம் அவ்வளவு குளிராது.
நம்பிக்கை இல்லாவிட்டால் வீட்டு முற்றத்தில் நிறுத்தி, ஒருவர் உள்ளே டோர்ச்சோடு இருக்க, மற்றவர் அரை மணித்தியாலம் கூரைக்கு ஹோஸ் பிடியுங்கள்.
பிறகு பிளைவூட்டைக் கழற்றி இடையில் ரிஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) வையுங்கள், பாருக்குக் கீழேயும் ஒரு மெல்லிய துண்டு ஓட வேண்டும். டியூப் ஒட்டும் பசை பூசினால் ரிஜிபோம் கரைந்துபோகும், பலகைக்குப் பூசும் வெள்ளைப் பசை எடுங்கள். அடுப்புப் பக்கம் வைக்க வேண்டாம், பற்றி எரியும். கீழே ஒன்று, மேலே ஒன்று என்று காற்றுத் துவாரம் விடுங்கள். பூட்டிய பெட்டிக்குள் அடுப்பு எரிப்பது ஈரத்தைவிட ஆபத்து. ஆளையே கொன்றுவிடும்.

கிண்ணியா லொறிக்காரன்:
அண்ணை சொன்னது சரிதான், நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் அந்த சிலிக்கன் வினாகிரி மணத்ததா? மணத்தால் சுரண்டி எடுங்கள், அந்த அமிலம் சின்க்கைத் தின்னும். நம் கடற்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பொலியூரித்தேன் சீலன்ட் விலைதான், ஆனாலும் அதுதான் நிற்கும்.

உப்புவெளிப் பட்டா:
ஹோஸ் பிடித்துப் பார்த்தோம். மச்சான் உள்ளே வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தான், கூரையில் சொட்டு இல்லை. பின்கதவுக்கு மேலே ஒரேயொரு ஸ்குரூவில் மட்டும் கசிந்தது. லொறிக்கார அண்ணனுக்கு அந்த ஒன்று. சிலிக்கன் வினாகிரி மணந்ததுதான், சுரண்டினால் அடியில் வெள்ளைப் பொடி. பொடி இருக்கிற இடத்தில் தேய்த்து நேரே பெயின்ட் அடிக்கலாமா, பிரைமர் வேண்டுமா?

பழைய வெல்டர்:
நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, தேய்த்து, சின்க் தகரத்துக்கு என்றே விற்கும் பிரைமர் ஒரு கோட். சாதாரண பெயின்டை நேரே அடித்தால் தோல் மாதிரி உரியும்.